மிதமானது முதல் கனமானது வரை

வானிலை நிலையத்தில் அறிக்கை எழுதுபவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ‘ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு உண்டு’ என்று அவரைப் போல நயமாக எழுத ஆளில்லை. பெய்தாலும் அவர் சொன்னதுதான். பெய்யாவிட்டாலும் அவர் சொன்னதுதான்.

வீட்டிலும் அதே பாஷை. மனைவி பாத்திரத்தை ஓங்கி வைத்தால் இடி. வாயைத் திறக்காவிட்டால் புழுக்கம். மாமியார் வருகிறார் என்றால் காற்றழுத்தத் தாழ்வு. மனைவியின் கோபத்தைக் கணித்து, அது கரையைக் கடக்கும் நேரத்தில் கடைக்குப் போய்விடுவது அவருடைய பேரிடர் மேலாண்மை.

அன்று காலை, ஆசிரியையான அவர் மனைவி ஒரு காகிதத்தை நீட்டினாள். வெளியூரில் தலைமை ஆசிரியை வேலை, மூன்று வருடம்.

“போகட்டுமா, வேண்டாமா? அஞ்சு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

“சூழ்நிலையைப் பொறுத்து...”

“அதை ஆபீஸ்ல வச்சுக்குங்க. உங்க மனசுல என்ன இருக்கு?”

அவள் முகத்தில் இடியும் இல்லை, புழுக்கமும் இல்லை. அவருக்குக் கலவரமாகிவிட்டது.

அலுவலகத்தில் ராடார்க்காரரிடம் முறையிட்டார். “ஒரே கொந்தளிப்பா இருக்குப்பா.”

“அவங்களுக்கா, உனக்கா?”

“அதான் பிடிபடல.”

அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்துத் தன் மனதை எழுதிப் பார்த்தார். ‘சூறாவளி’ என்று எழுதி அடித்தார், அவ்வளவு இல்லை. ‘தூறல்’ என்று எழுதினார். அவ்வளவு குறைவும் இல்லை. ஊருக்கே வானம் பார்த்துச் சொல்பவருக்குத் தன் நெஞ்சுக்குள் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று தெரியவில்லை.

நாலேமுக்காலுக்குப் போன் செய்தார். “மிதமானது முதல் கனமானது வரை வருத்தம் இருக்கலாம்...”

“போங்கறீங்களா, போகாதேங்கறீங்களா?”

“ரெண்டுக்கும் வாய்ப்பு...”

“சரி. போறேன்னு சொல்லிடறேன்.” வைத்துவிட்டாள்.

“என்னாச்சு?” என்றார் ராடார்க்காரர்.

“போறாளாம்.”

“உனக்கு எப்படி இருக்கு?”

“தெரியலப்பா. டிக்கெட் ஒண்ணா, ரெண்டான்னு கேக்காம விட்டுட்டேன்.”

மறுபடி போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நானும் வரட்டுமா?”

“எதுக்கு?”

“தெரியல. கொண்டு போய் விடறதுக்கு. இல்ல, அங்கேயே இருக்கறதுக்கு. தெரியல.”

எதிர்முனையில் கேட்டது சிரிப்பா, விசும்பலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் குரல் வந்தது.

“எனக்கு ஜன்னலோரம் எடுங்க.”