சக்கரத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழம்

2015 ஒக்டோபர், விஜயதசமி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் இருப்பது சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில். அங்கிருந்து கொஞ்சம் மேலே, மலைப்பக்கமாக, பழைய ரயில்களை ஓட்டிக் காட்டுகிற ஒரு சங்கத்தின் கொட்டகை இருக்கிறது. கிழமை நாட்களில் பஸ் கராஜில் வேலை செய்யும் என் கணவர், ஞாயிறானால் சம்பளமில்லாமல் அங்கே போய் எண்ணெயில் குளித்துவிட்டு வருவார்.

அவருடைய செல்லம் ஒரு ஜேர்மன் நீராவி எஞ்சின். தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமந்துகொண்டு மலைக் கிளைப்பாதைகளில் ஏறுவதற்கென்றே செய்த ரகம். நீண்ட திருத்த வேலை முடிந்து அன்றைக்குத்தான் மறுபடி ஓடப்போகிறது. புதுக் கார் எடுத்தால் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத்தானே ஏற்றுவோம்? இதற்கு மட்டும் என்ன குறை என்று நானும் இரண்டு பழத்தோடு போனேன்.

"இஞ்சாருங்கோ, எந்தச் சில்லுக்கு வைக்கிறது?"

"மேட்டுப் பக்கம்தான் முன்பக்கம். அங்க வையும்."

கொட்டகைக்கு வெளியே தண்டவாளம் லேசான சரிவு. எஞ்சின் கீழே உருளாமல் இருக்கப் பள்ளப் பக்கம் மரக்கட்டை அண்டை கொடுத்திருந்தார்கள். மேட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. மேட்டில் தானாக எது ஏறும்? வலப்பக்கத்துப் பழத்தைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தேன். இடப்பக்கத்துப் பழம் நிற்க மாட்டேனென்று உருண்டு, ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. கற்பூரத்தை எடுத்ததும் சுவிஸ்காரரான டிரைவர் பதறிப்போய் மறித்தார். வயிற்றுக்குள் அவ்வளவு நெருப்பை வைத்திருக்கிற எஞ்சினுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தக் கூடாதாம்! சரி, குங்குமமாவது வைப்போம் என்று அதை எடுக்கக் காருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மூடுபனி இறங்கி, புகைபோக்கிகூடத் தெரியவில்லை. டிரைவர் கோப்பி குடிக்க உள்ளே போயிருந்தார். எஞ்சினில் ஒருவரும் இல்லை. என் கணவர் அப்போதுதான் அதன் அடியில் நுழைந்து, சக்கரக் கம்பிகளுக்குள்ளே கையை விட்டு எண்ணெய் போடத் தொடங்கியிருந்தார்.

வலப்பக்கத்துப் பழம் நசுங்கிக் கிடந்தது.

யாரோ மிதித்துவிட்டார்கள் என்று எனக்குச் சரியான எரிச்சல். மற்றதாவது தப்பியதா என்று சுற்றி வந்து பார்த்தேன். அந்த ஒரு சாண் இடைவெளியைக் காணவில்லை. சக்கரம் பழத்தைத் தொட்டபடி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் வெடித்துச் சாறு தண்டவாளத்தில் வழிந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆளில்லாத எஞ்சின் தன்பாட்டில் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

"கையை எடுங்கோ! ஐயோ, கையை எடுங்கோ!"

ஏன் என்று கேட்காமல் இழுத்தார். சட்டைக் கை சக்கரத்தில் மாட்டி, தோள்வரை கிழிந்து வந்தது. கை தப்பியது. டிரைவர் ஓடி வந்து ஏறி, பிரேக்கை இறுக்கி நிறுத்தினார்.

பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். மூடியிருந்த வால்வு வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, உள்ளே சேர்ந்து, எஞ்சினைத் தள்ளியிருக்கிறது. கைப்பிரேக்கும் சரியாக இறுகியிருக்கவில்லை. இறங்கும் பக்கத்தை மட்டும் பார்த்தோம் என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து அங்கே இரண்டு பக்கமும் கட்டை வைக்கிறார்கள். கட்டை வைத்த பிறகும் அந்த டிரைவர் என்னிடம் எலுமிச்சம்பழம் கேட்பார்.

சாமி காப்பாற்றியது என்கிறார் என் கணவர். இருக்கலாம். அந்தக் கிழிந்த சட்டையை நான் தைக்கவுமில்லை, எறியவுமில்லை. இன்றைக்கும் வேலைக்குப் போக ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது முதலில் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். நிற்கிறது என்று எல்லோரும் நம்புகிற ஒன்று சத்தமில்லாமல் நகர்வதை ஒரு தரம் கண்டவளுக்கு, நிற்பதைப் பார்த்தால்தான் பயம்.