தாளாளரின் மூக்கும் டர்பைனின் மூச்சும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் ஆய்வகத்தில் பதினான்கு வருஷமாகத் தற்காலிகப் பணியாளராக இருந்தவர் ஆதிமூலம். தலைமுடி போய்விட்டது, மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். அங்கே அதைச் சொன்னால் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். பாதிப் பேர் அப்படித்தான்.

அவர் பொறுப்பில் ஒரு கேஸ் டர்பைன் இன்ஜின் இருந்தது. பழைய ஹெலிகாப்டரிலிருந்து கழற்றியதை ஏலத்தில் எடுத்துவந்தது. மாணவர் சேர்க்கை நோட்டீஸில் அதன் படம் வரும். அதைவிடப் பெரிதாகத் தாளாளர் படம் வரும். ஆனால் கிளப்பினால் அரை நிமிஷத்தில் சூடேறி நின்றுவிடும். மூன்று வருஷமாக இதே கதை. “மலைக்காத்து ஒத்துக்கல” என்று முதல்வர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். பக்கத்திலிருக்கும் கல்வராயன் மலை பாவம், அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

ஆதிமூலத்துக்குக் காரணம் தெரியும். டர்பைன் காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழும். வடிகட்டிப் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்த தகரக் குழாயின் இணைப்புகளில் ரப்பர் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. கொல்லைகளில் காய்ந்த கரும்புத் தோகையான சோகையைக் கொளுத்தும்போது பறக்கிற கரி, வடிகட்டி பக்கமே போகாமல் அந்த இடுக்குகளில் நுழைந்து உள்விசிறி இதழ்களில் அப்பிக்கொண்டது. காற்று குறைந்தது, சூடு ஏறியது. இதை அவர் மூன்று வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் படித்தார்கள்?

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறது என்று கடிதம் வந்ததும் முதல்வருக்கு ஞானம் பிறந்தது.

“குழு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஓடினா போதும், ஆதிமூலம். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர். தாளாளரே சொல்லிட்டாரு.”

அன்று சாயங்காலமே ஆதிமூலம் கள்ளக்குறிச்சியில், பஸ்ஸுக்கு சீட் தைத்துக் கொடுக்கும் ஜான் பாஷா கடையில் நின்றார்.

“பாய், பஸ் கதவுல போடுவீங்களே பீடிங் ரப்பர், அது வேணும்.”

“எந்த பஸ்ஸுக்கு?”

“பஸ்ஸுக்கு இல்ல, ஹெலிகாப்டர் இன்ஜினுக்கு.”

ஜான் பாஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வூட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு, அளவெடுத்து வெட்டிக் கொடுத்தார்.

இதழ்களைக் கழுவி, ரப்பரைப் பொருத்தி, இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு, ஊதுவத்தி கொளுத்தி ஒவ்வோர் இணைப்பிலும் காட்டினார் ஆதிமூலம். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. அந்த நேரம் பார்த்து வந்த முதல்வர், ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்படியே கற்பூரமும் காட்டிடுங்க” என்றார். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. நல்லவேளை, ஆதிமூலம் காட்டவில்லை.

கடைசியில் புகை எங்கேயும் வளையாமல் நேராக எழுந்தது. இன்ஜினைக் கிளப்பினார். முழுசாக மூன்று நிமிஷம் ஓடியது. ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் மனுஷன் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே கிடந்தார்.

மறுநாள் குழு வருகிற நாள். காலையில் வந்து பார்த்தால், ஆய்வகத்தின் வெளிச்சுவரில் இருபதடி ஃபிளெக்ஸ். குழுவைத் தாளாளர் கைகூப்பி வரவேற்கிறார். அத்தனை பெரிய கல்லூரியில் அதற்குக் கிடைத்த இடம், டர்பைனுக்குக் காற்று போகிற ஜன்னல்.

“சார், இத எறக்கணும். காத்து போவாது.”

“தாளாளர் மூஞ்சிய எறக்கச் சொல்றியா?” முதல்வருக்கு வியர்த்துவிட்டது. “அதெல்லாம் இடுக்குல போவும்.”

போகவில்லை. குழு உள்ளே வந்தது, இன்ஜின் கிளம்பியது, ஃபிளெக்ஸ் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. ஆதிமூலம் பிளேடை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, ஜன்னல் அளவுக்கு ஃபிளெக்ஸை வெட்டி எறிந்தார். காற்று திமுதிமுவென்று உள்ளே போனது. முள் இறங்கியது. குழு கை தட்டி, “மிகச் சிறப்பு” என்று எழுதிக்கொண்டது. அப்போது காரிலிருந்து இறங்கிய தாளாளர், சுவரில் தமக்கு மூக்கு இல்லாததைப் பார்த்தார்.

மத்தியானமே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. “ஐயா அவர்களின் படம் காற்றை அடைத்தது. ஆகவே வெட்டினேன்” என்று ஆதிமூலம் எழுதினார். முதல்வர் அதைக் கிழித்துப் போட்டார்.

“இத எடுத்துக்கினு போனா நானும் ஒங்ககூட வூட்டுக்குப் போக வேண்டியதுதான். ஃபிளெக்ஸ எலி கடிச்சிதுன்னு எழுதுங்க. ஆர்டர் டைப் பண்ணி ரெடியா இருக்குது.”

மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். ஆதிமூலம் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. மனைவி ராஜாம்பாள் அதை சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சத்தமாகப் படித்தாள். முதல் பத்தியில் அவர் நிரந்தரம். இரண்டாம் பத்தியில், “ஆய்வகத்தில் எலித்தொல்லை மிகுந்துள்ளது அன்னாரின் கடிதத்தால் தெரியவருவதால், விலைமதிப்புமிக்க டர்பைனை இனி எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது. அதன் காற்று வழி இரும்புத் தகட்டால் மூடப்படும். அறையின் சாவி அன்னாரின் பொறுப்பில் இருக்கும்” என்று இருந்தது.

“அப்ப ஒங்களுக்கு இன்னாதாங்க வேல?” என்று கேட்டாள்.

“சாவிய வெச்சிக்கினு இருக்கணும்” என்றார் ஆதிமூலம். “ரிட்டையர் ஆவுற வரைக்கும்.”