செல்லம்மா மேடம் கேட்டு நின்ற விடுப்பு

சில நாளுக்கு முன், காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது பேச்சி போன் செய்தாள். செல்லம்மா மேடத்திடம் ஆய்வு செய்பவள். "சார், மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. மலையை விட்டு இறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் எழுந்து எழுந்து நடக்கிறேன்.

சிறுமலைப் பளியர் குடியிலிருந்து வந்து, திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியில் பேராசிரியரானவர் அவர். மலைப்பிள்ளைகள் பட்டம் படிக்க ஒரு தனி மையத்தைப் போராடி வாங்கி, அதை நடத்தியவர். சேர்ந்த புதிதில் ஒருவர், பாராட்டுவதாக நினைத்து, "உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே மேடம்" என்றார். "நல்லாப் பாருங்க சார், தெரியும்" என்றார் மேடம்.

அவர் குடியில் ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் அந்த இடத்தை விட்டு விலகி, சில நாள் காட்டுக்குள் தங்குவார்கள். படிக்கும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். கல்லூரியோ, வருகை குறைவு என்று தேர்வெழுத விடாது. ஒவ்வொரு முறையும் மேடம்தான் முதல்வர் அறையில் போய் நிற்பார். "உங்க வீட்ல துட்டின்னா காரியம் முடியிற வரைக்கும் லீவு கேக்குறீங்க. எங்க புள்ளைக கேட்டா மட்டும் ஒழுங்கீனமா?"

"எதுக்கு மேடம் இம்புட்டு மல்லுக்கட்டு? ஒரேயடியா உத்தரவு வாங்கிருங்க" என்றேன் ஒருநாள்.

"கேட்டுட்டேன் சார். விதியில இடமில்லையாம். அதனால வாய்தான்."

அந்த வாய்க்குப் பயந்தே கல்லூரி இறங்கி வந்தது. அப்படித் தேர்வெழுதியவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள்.

இப்போது விழுந்த சாவு அவருடையது. அடக்கம் முடிந்ததும் மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். தேர்வு நெருங்கிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் மாலை போட்டு, குரல் தழுதழுக்கப் பேசிய முதல்வர், மேடையை விட்டு இறங்கியதும் என்னிடம், "அந்தப் பசங்களுக்கு அட்டெண்டன்ஸ் இல்ல சார். இந்தத் தடவை விட முடியாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க எங்க சார் போயிருக்காங்க? நீங்க இப்ப மாலை போட்டீங்களே, அவங்க துட்டிக்குத்தான!" என்றேன்.

"நாளைக்குப் பேசுவோம்" என்று காரில் ஏறிவிட்டார்.

மேடத்தை அறிந்தவர்களே, அவர் படத்துக்குப் பூப்போட்டது போதும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நிற்றல் ஒன்றுதான். நாளைக் காலை முதல்வர் அறையில் நிற்கப்போகிறேன். எனக்கு அவர் வாய் கிடையாது. நீங்களும் வந்து நில்லுங்கள்.