ஐந்து நாள் பூஜ்யம்

2006 கோடையில் நான் மரக்காணத்துக்கு வந்தது அப்பாவின் காலுக்காக. அவருக்குச் சர்க்கரை. உப்பளத்தில் உப்பு வாரும்போது உள்ளங்காலில் ஏதோ கிழித்துவிட்டது, இரண்டு வாரமாகியும் புண் அப்படியே இருக்கிறது, புதுச்சேரிக்கு அழைத்துப்போய்க் காட்டு என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். ஆபீசில் ஐந்து நாள் லீவு கேட்டேன். டீம் லீடர் லீவோடு ஒரு லேப்டாப்பையும் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் யுஎஸ்பி கன்ட்ரோலர் தெரியவில்லை என்றால் என் கான்ட்ராக்டை நீட்டிப்பது கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு சின்ன போர்டுக்காக நாங்கள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். போர்டு வந்து சேரவில்லை. அதுவரை, அதைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்கிற மென்பொருளை லேப்டாப்பில் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். செருகிய பென்டிரைவ் எங்கள் புரோகிராமுக்குத் தெரிய வேண்டுமானால், அதைக் கவனிக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர் என்கிற சில்லு முதலில் தெரிய வேண்டும். குறிப்பிட்ட முகவரி ஒன்றைப் படித்தால் அது தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். எனக்குப் பூஜ்யம் வந்தது.

திங்கட்கிழமை காலையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். பத்து நிமிஷ வேலைதானே என்று லேப்டாப்பைத் திறந்தேன். கன்ட்ரோலரை ஓடவைக்கும் கிளாக் சிக்னலை ஆன் செய்யவில்லையோ என்று சந்தேகம். சரிசெய்தேன். பூஜ்யம். செவ்வாய்க்கிழமை, முகவரிதான் தப்போ என்று மேனுவலை வரிவரியாகப் படித்தேன். மறுபடியும் பூஜ்யம்தான். நடுவில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

அப்பா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல அளத்துக்குப் போய்வந்தார். எங்கள் பக்கத்து உப்பளத்தில் புண்ணைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பாத்தித் தண்ணீரில் வைத்தால் எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்தால் இன்னும் பச்சைப் புண். எரியாவிட்டால் ஆறிவிட்டது. சின்ன வயதில் என் முட்டியையும் அப்படித்தான் பார்த்தார்கள். செவ்வாய் மதியம் அப்பா வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"தண்ணியிலயே நின்னுட்டு வர்றேன், கொஞ்சம்கூட எரியலம்மா. ஆறிடுச்சு. நீ உன் வேலையப் பாரு."

எனக்கு எவ்வளவு வசதியான பதில் அது. துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை அம்மா, நாற்றம் வருகிறது என்றாள். வெள்ளிக்கிழமை போகலாம் என்று வள்ளென்று விழுந்தேன்.

வியாழன் மதியம், வெறுத்துப்போய், எதுவுமே கிடையாது என்று மேனுவலில் போட்டிருந்த ஒரு முகவரியைப் படித்தேன். பிழை என்று வரும் என நினைத்தேன். பூஜ்யம் வந்தது. இன்னொரு காலி முகவரியிலும் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது. அந்த எமுலேட்டரை எழுதியவர்கள் யுஎஸ்பி கன்ட்ரோலரை அதில் வைக்கவே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தைக் கேட்டால் அது பூஜ்யம் என்று சொல்லிவிடும். அதைப் பதில் என்று நம்பி நான்கு நாள் என் புரோகிராமைக் குடைந்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம்கூட எரியல என்று அப்பா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே போனேன். அப்பா பாயில் படுத்திருந்தார். குத்துகிறேன், வலித்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, புண்ணைவிட்டுத் தள்ளி நல்ல தோலில் பேனா முனையை வைத்து அழுத்தினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்தினேன். தோல் குழிந்தது.

"எப்பம்மா குத்தப் போற?" என்றார்.

அன்று சாயங்காலமே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரையால் நரம்பு எப்போதோ செத்துவிட்டது, அதனால்தான் எரியவில்லை என்றார் டாக்டர். திங்கட்கிழமை வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து டீம் லீடருக்குப் போன் செய்து, எமுலேட்டரில் கன்ட்ரோலரே இல்லை என்றேன். நல்ல வேலை என்றார். கான்ட்ராக்டையும் நீட்டித்தார்கள்.

மூன்றாம் நாள் அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். போர்வை அவர் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தைக் காட்டி, நர்ஸ் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்.

"பாதம் எரியுதும்மா."