வைக்கோல் கன்றும் இரண்டு காம்புகளும்

ஒரு தாயை ஏமாற்றித்தான் தாய்மையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டுமா? எங்கள் ஊரான உறுவையாற்றில் ஒரு நண்பகல் இந்தக் கேள்வியை என்முன் வைத்தது. பேய், ஆவி என்று பேசுபவர்களைக் கண்டால் சிரிப்பவன் நான். அன்று கண்டதற்கு இப்போதும் அந்தப் பெயர்களைச் சூட்டமாட்டேன். நீங்கள் ஐயுறலாம், அது நியாயமே.

பிரெஞ்சு ஆட்சிக் காலம். சென்னையில் மனோதத்துவம் படித்துப் பட்டம் பெற்று ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட அஞ்சலையின் பசு ஈன்ற கன்று பத்தே நாளில் இறந்துபோயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்தினார்கள். அதை நக்கியபடியே பசு பால் சுரந்தது. தாய்ப்பால் வற்றிவிட்ட அஞ்சலையின் இரட்டைக் குழந்தைகளுக்கு அந்தப் பால்தான் உணவு.

பசு கன்றை அறிவது வடிவத்தாலா, வாசனையாலா? இதைக் கண்டறிந்து கட்டுரை எழுத ஆசைப்பட்டேன்.

“மாட்டுக்குப் பரிட்சையா? பாசானா இன்னா உத்தியோகம் தம்பி குடுப்பீங்க?” என்று சிரித்தாள் அஞ்சலை. பிறகு குரலைத் தாழ்த்தி, “பாலு மட்டும் நின்னுடக் கூடாது” என்றாள்.

நிற்காது என்று வாக்களித்தேன். எங்கள் குடும்பத்துக்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியாது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் நாள் வைக்கோல் கன்றின் தலையைச் சாக்கால் மூடினேன்; பால் குறையவில்லை. மறுநாள் தோலைச் சீயக்காய் போட்டுக் கழுவி நிறுத்தினேன். பசு ஒருமுறை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சொட்டும் இல்லை. குழந்தைகள் கஞ்சித் தண்ணீரைத் துப்பித் துப்பி அழுதன. நானோ நோட்டில் ‘வாசனை’ என்று எழுதி அடிக்கோடிட்டு, உறுதி செய்ய இன்னொரு நாள் கேட்டேன்.

“எம் புள்ளைங்க வவுறும் உங்க பரிட்சையில சேத்தியா?” என்றாள் அஞ்சலை.

அடுத்த நாள் நண்பகல். மறுபடி கழுவிய தோல் வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பசுவும் நானும் மட்டுமே. திடீரென்று அது தலையைத் தாழ்த்தி, கன்றின் முதுகு இருக்கவேண்டிய உயரத்தில் வெறுங்காற்றை நக்கத் தொடங்கியது. பழக்கத்தின் எச்சம் என்று அதையும் எழுதியிருப்பேன். ஆனால், நம்பினால் நம்புங்கள், பின்பக்கக் காம்புகள் இரண்டும் மாறி மாறி இழுபட்டு நீண்டன, நுரைத்தன. சப்பும் ஓசை தெளிவாகக் கேட்டது. தரையில் ஒரு துளியும் விழவில்லை.

நான் போட்ட கூச்சலில் அஞ்சலை ஓடிவந்தாள். பார்த்தாள். பிறகு சொம்புடன் குந்தி, உயிருள்ள கன்றோடு பங்கு பிரிப்பவளைப்போல, “நீ அந்த ரெண்டக் குடி கண்ணு. இந்த ரெண்டு எம் புள்ளைங்களுக்கு” என்றபடி முன்காம்புகளைப் பிடித்தாள். பால் பீய்ச்சி அடித்தது.

குழந்தைகள் சோறு தின்னும் வயது வரும்வரை வைக்கோல் கன்று இல்லாமலேயே அந்தப் பசு கறந்தது. பின்காம்புகளை அஞ்சலை ஒருநாளும் தொடவில்லை. நான் தொட்டுப் பார்த்த வேளைகளிலெல்லாம், சற்றுமுன் எதுவோ குடித்துவிட்டுப் போனதுபோல் அவை ஈரமாகவே இருந்தன. எனக்கு விளக்கம் தெரியாது.

கட்டுரையை நான் எழுதவில்லை. பின்னாளில் ஆசிரியரானபோது, ஓர் உயிரைப் பட்டினி போட்டோ ஏமாற்றியோ செய்யும் எந்தச் சோதனையையும் என் வகுப்பில் நடத்த விட்டதில்லை.