சுதீஷ் மாஷின் பழகிய கை

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் வாத்தியார் சுதீஷ் மாஷைப் போல நிதானமான ஆளைக் கேரளத்துக் கொயிலாண்டியில் பார்க்க முடியாது. இருபத்திரண்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக வருடக்கணக்காக ஒரே லினக்ஸ். அங்கே அடக்கிவைத்த அரிப்பையெல்லாம் மனிதர் வீட்டு லேப்டாப்பில் தீர்த்துக்கொள்வார். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று மாதத்துக்கு ஒரு வகை லினக்ஸ். ஒன்றில் மலையாள எழுத்து பிடிக்காது, இன்னொன்றில் நிறம் பிடிக்காது. குறையே சொல்ல முடியாத ஒன்று கிடைத்தாலோ, மூன்றாம் நாளே சலித்துவிடும். வெறுத்துப்போய் விண்டோஸுக்குத் திரும்புவார். ஒரு வாரம்கூடத் தாங்காது, அடுத்த லினக்ஸை இறக்கத் தொடங்கிவிடுவார்.

மனைவி ஷிம்னா நர்ஸ். அயர்லாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. ஏஜென்சிக்காரர்கள் கொடுத்த சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். அதற்காகவே டிஸ்கில் பாதியை விண்டோஸுக்கு விட்டுவைத்திருந்தார் மாஷ்.

"ஏட்டா, நாளைக்கு முடியிற வரைக்கும் லேப்டாப்பைத் தொடாதீங்க."

"உன் விண்டோஸை யாரு தொடப்போறா? அது உன் பங்கு."

வியாழன் காலையில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார் மாஷ். இன்டர்வியூ அவளுக்கு, படபடப்பு இவருக்கு. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. லினக்ஸ் பக்கத்தை மட்டும் மாற்றினால் என்ன, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று பென்டிரைவைச் செருகினார். விண்டோஸுக்குப் பக்கத்தில் வைக்கவா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு வைக்கவா என்று திரை கேட்டது. கோடை விடுமுறைதோறும் லேபில் அதே லினக்ஸைப் புதிதாக ஏற்ற இருபத்திரண்டு தடவை இரண்டாவதையே அழுத்திப் பழகிய கை. அழுத்திவிட்டது. நிச்சயம்தானா என்று கேட்டதற்கும் ஆமாம் போட்டது.

தலை வாரிக்கொண்டே வந்த ஷிம்னா திரையைப் பார்த்தாள்.

"என் விண்டோஸ் எங்க?"

"போச்சு."

"போச்சுன்னா?"

"மொத்தமும்... லேப்னு நினைச்சு கை..."

"நீங்க விளையாட இருபத்திரண்டு இருக்கே ஏட்டா! எனக்குன்னு இருந்தது இதுல பாதி. அதையும் விட்டுவைக்கலையா?"

அவள் அழவில்லை. ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். முணுமுணுத்துவிட்டு, போனிலேயே வீடியோ காலில் வரச் சொன்னார்கள். போனை டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். மாஷ் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஜன்னல் வழியாகக் கேள்விகள் வந்துகொண்டிருந்தன.

"இங்கே மூன்று வருடம் நிலையாக இருக்க வேண்டும். சின்னத் தொல்லைக்கெல்லாம் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ?"

ஷிம்னாவின் ஆங்கிலம் தடுமாறவில்லை.

"பதினோரு வருஷமா ஒருத்தரோட குடும்பம் நடத்துறேன் மேடம். அவர் எதையும் ஒரு மாசத்துக்கு மேல வச்சிருந்ததில்ல. நான் விட்டுட்டுப் போகலையே."

அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே மாஷுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய வீட்டில் மாறாமல் இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் இப்போது கிளம்பப்போகிறாள்.