படத்தை இழுத்து வைத்த டிவி

எங்கள் பழைய ப்ரொஜெக்‌ஷன் டிவியை எடுத்துப்போக இன்று பேகம்பூரிலிருந்து பழைய சாமான் வாங்கும் பாய் வந்திருந்தார்.

படம் வருகிறதா என்று பார்க்க மகளின் காதுகுத்து சிடியைப் போட்டேன். திரையில் என் கணவர் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, அண்ணே இம்புட்டு குண்டாத் தெரியுறாரு? படத்த இழுத்து வச்சிருக்கீங்க. செத்த இருங்க, சரி பண்ணிர்றேன்."

இழுத்து வைத்தது என் கணவர்தான். அகலத் திரையின் ஓரங்கள் கறுப்பாக நின்றால் அவருக்குப் பொறுக்காது. எல்லாரும் பூசணிக்காயாகத் தெரிகிறார்கள் என்று நான் தினமும் சண்டை போடுவேன்.

போன மாதம் இறந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். என் தம்பி ஒற்றை ஆளாகத் தூக்கினான்.

"தொடாதீங்க பாய். அப்படியே இருக்கட்டும்."

டிவி போகவில்லை. பாதி ஹால் அதற்குத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், "அண்ணே நல்லா குண்டாயிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.